புல்லுக்கும் வைத்தியம்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் புதுச்சேரி ஆரம்பிப்பது கனகசெட்டிக்குளத்தில். பஸ்ஸே ஒயின்ஷாப் போர்டைத் தேட, என் கண்ணில் பட்டது ஒரு விடுதியின் புல்வெளி. வட்ட வட்டமாகப் பழுப்பு! இறங்கிப் போய் விசாரித்தேன்.

"தண்ணி பத்தலைன்னு முதலாளி திட்டுறாரு சார். சாயங்காலமும் பாய்ச்சுறேன்" என்றார் தோட்டக்காரர்.

வினையே அதுதான். ராத்திரி பூரா இலை நனைந்திருந்தால் ரைசாக்டோனியா சொலானி என்கிற பூஞ்சைக்குக் கல்யாண விருந்து. நெல்லில் இலையுறைக் கருகல் தருகிற அதே ஆசாமி!

"அட, நம்ம வயக்காட்டு நோயா?" கப்பென்று பிடித்துக்கொண்டார்.

தோட்டக்காரர்களுக்குப் பயிற்சியை இப்படித் தெரிந்த பயிரிலிருந்துதான் தொடங்க வேண்டும். மீதி சுலபம். தண்ணீர் விடியற்காலையில். யூரியா அளவோடு. இழுத்தால் புல் பாய் மாதிரி சுருண்டு வந்ததா? பூஞ்சையல்ல, வேர்ப்புழு. ஆளை மாற்றி மருந்தடித்தால் நஷ்டம் முதலாளிக்கு. திட்டு மட்டும் தோட்டக்காரருக்கு!