காதணியும் பொறுமையும்

மனிதர் தம் உடலை அணிசெய்துகொள்ளும் ஆசை மிகப் பழமையானது. உணவும் உடையும் உறையுளும் தேடிக்கொண்ட காலத்திலேயே அவர்கள் காதுக்கு ஒரு குழையையும் கழுத்துக்கு ஒரு மணியையும் தேடிக்கொண்டனர். 1991-ஆம் ஆண்டு ஆல்ப்சு மலையின் பனிக்கட்டியிலே ஒரு மனிதனின் உடல் கெடாமல் கிடைத்தது. அவன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவன் காது மடலிலும் துளையிட்டுப் பெரிதாக்கிய அடையாளம் இருந்தது. சான்று தேடி அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டை என்னும் ஊர் உண்டு. அங்கு 2022-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களோடு சுடுமண்ணால் ஆகிய காதணிகளும் கிடைத்துள்ளன. பொன் அணிய இயலாதவரும் காதை வெறுமையாக விட மனம் ஒப்பவில்லை போலும்!

அந்த ஆசை அம்மண்ணில் இன்றும் மாறவில்லை. சாத்தூருக்கு அருகில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அமைந்துள்ளது. ஆடித் திங்களின் கடைசி வெள்ளியன்று அங்குக் கூடும் மக்கள் கூட்டம் மிகப் பெரிது. குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்துவதாக நேர்ந்துகொண்டோர் சுற்றம் சூழ அங்கு வந்து சேருவர். மொட்டைத் தலையிற் சந்தனம் பூசிய குழந்தை தாய்மாமன் மடியில் அமரும். அதன் கையில் இனிப்பைக் கொடுத்து, பொற்கொல்லர் கண் இமைக்கும் நேரத்தில் காது மடலில் பொன் ஊசியைச் செலுத்திவிடுவார். குழந்தை வீரிட்டு அழும், சுற்றத்தார் சிரிப்பர், மாமன் கொண்டுவந்த சீர்வரிசைகளைக் கண்டு மகிழ்வர். பின்னர் விருந்து நடைபெறும். மாலைக்குள் எல்லாரும் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடுவர்.

விழா முடிந்துவிடுகிறது. ஆனால் காதின் வேலை அப்பொழுதுதான் தொடங்குகிறது. ஊசி செல்ல ஒரு நொடி போதும். அத்துளை ஆறுவதற்கோ ஆறு வாரமேனும் வேண்டும். ஒரு நொடிக்காக ஊரையே அழைக்கும் நாம், ஆறு வாரத்திற்கு யாரை அமர்த்துகிறோம்? அந்த நாட்களில் விருந்தும் இல்லை, மேளமும் இல்லை. தாயின் கண்ணும் கையுமே அக்காதைக் காக்கின்றன. அணியின் அழகு முழுவதும் அந்தக் காவலில்தான் அடங்கியிருக்கிறது.

இவ்வுண்மையை நம் நாட்டுப் பழைய மருத்துவர் நன்கு அறிந்திருந்தனர். சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலில் காது குத்தும் முறைக்கென்றே ஒரு பகுதி உண்டு. காப்பிற்காகவும் அழகிற்காகவும் குழந்தையின் காது குத்தப்படுகிறது என்று அந்நூல் கூறும். ஆறாம் அல்லது ஏழாம் திங்களில், குழந்தையை மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள்களால் அதன் கருத்தைத் திருப்ப வேண்டும். மருத்துவர் மடலை இடக்கையால் இழுத்து, கதிரவன் ஒளி ஊடுருவும் மெல்லிய இடத்தைக் கண்டறிந்து, அவ்விடத்தில் வலக்கையால் நேராகவும் மெல்லவும் குத்த வேண்டும். குருதி மிகுதியாக வந்தாலும், வலி மிகுந்தாலும் இடம் தவறியது என்று உணரவேண்டும். இவ்வளவும் கூறிய நூலாசிரியர் அத்துடன் நின்றுவிடவில்லை. துளையில் பஞ்சுத்திரி இடுவதையும், எண்ணெய் வார்ப்பதையும், மூன்று நாட்களுக்கு ஒருமுறை திரியைச் சற்றே பருமனாக மாற்றுவதையும் முறையாக விளக்குகிறார். குத்திய கைக்கு எவ்வளவு திறமை வேண்டுமோ, அவ்வளவு பொறுமை காக்கும் கைக்கும் வேண்டும் என்பது அவர் கருத்து.

துளை ஆறும் விதத்தைச் சிறிது அறிந்துகொள்வோம். காது குத்துதல் என்பது ஒரு சிறு புண்ணை உண்டாக்குதலே ஆகும். ஊசி சென்ற வழியில் முன்புறமிருந்தும் பின்புறமிருந்தும் புதுத்தோல் உள்நோக்கி வளருகிறது. இருபுறத் தோலும் நடுவிற் கூடி ஒரு சிறு குழாய் போல ஆனபிறகே துளை நிலைபெறுகிறது. மென்மையான மடலில் இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். காதின் மேற்பகுதி குருத்தெலும்பால் ஆனது; அங்குக் குருதியோட்டம் குறைவு. ஆகவே அங்கு இட்ட துளை ஆறப் பல திங்கள் ஆகும்; ஓராண்டு ஆதலும் உண்டு. வெளியில் வலி நின்றுவிட்டது கண்டு, உள்ளேயும் ஆறிவிட்டது என்று எண்ணுவது பிழை. புண் ஆறுவதற்கு முன் ஆசை ஆறியிருத்தல் வேண்டும்.

காதைப் பேணும் முறை எளியது. தொடுவதற்கு முன் கைகளைச் சோப்பு இட்டுக் கழுவுதல் முதற்கடமை. கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்தால் அது நம் உடல் நீரின் உப்பளவை ஒத்திருக்கும். தூய துணியை அதில் நனைத்து, நாளுக்கு இருமுறை துளையின் முன்னும் பின்னும் மெல்லத் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுத்தால் போதும். காய்ந்த பொருக்கை நகத்தாற் கிள்ளுதல் ஆகாது. ஓயாமல் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தால் புதுத்தோல் கிழியும். அது தன் போக்கில் இருப்பதே நலம். தலைவாரும்போது சீப்பு மாட்டாமலும், பள்ளி செல்லும் சிறுமியின் பின்னலும் நாடாவும் காதில் உரசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கரிசற்காட்டு வெயிலில் வியர்வையும் புழுதியும் மிகுதி. ஆதலால் தலையணை உறையையும் துண்டையும் அடிக்கடி துவைத்தல் இன்றியமையாதது.

பழைய வழக்கங்கள் அனைத்தையும் தள்ளவும் வேண்டா. அனைத்தையும் கொள்ளவும் வேண்டா. தூய பொன் கம்பியைக் காதில் இடுவது அறிவுடைய வழக்கம். ஆனால் அடுப்புச் சாம்பலையும், கடையில் வாங்கிய மஞ்சட்பொடியையும் பச்சைப் புண்ணில் அப்புவது தீங்கு தரும். ரணசன்னி எனப்படும் இசிவு நோயின் கிருமி மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் வாழ்வது. ஊசிமுனை அளவு புண்ணும் அதற்கு வாயிலாகலாம். அந்நோயால் முற்காலத்தில் இறந்த குழந்தைகள் எண்ணிலர். பிறந்த குழந்தைகளையும் தாய்மாரையும் தாக்கும் இந்நோயை இந்தியா ஒழிக்கும் நிலையை அடைந்தது 2015-ஆம் ஆண்டிலேதான். தடுப்பூசியும் தூய்மையுமே அவ்வெற்றியை ஈட்டித் தந்தன. குழந்தைக்கு ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் இடும் தடுப்பூசிகள் முடிந்தபின் காது குத்துதலே சாலச் சிறந்தது. பத்து, பதினாறு வயதுகளில் இடும் ஊசியையும் மாணவர் தவறவிடலாகாது. குத்தும் ஊசியும் ஒருவருக்கே பயன்படும் புதிய ஊசியாய், கிருமி நீக்கியதாய் இருத்தல் வேண்டும். ஒருவர் காதில் பட்ட ஊசி மற்றொருவர் காதில் பட்டால், குருதியாற் பரவும் மஞ்சட்காமாலை முதலிய நோய்களும் அதனுடன் செல்லும்.

சிவகாசி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு விழிப்பு வேண்டும். அங்குப் பலர் நாள்தோறும் வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியத் தூளையும் கையாளுகின்றனர். உரசலும் பொறியும் பகையாகிய அத்தொழிலில் இரும்புக் கருவிகளை விலக்கி, பித்தளையாலும் மரத்தாலும் ஆகிய கருவிகளைக் கொள்வர். அங்ஙனம் வேலையிடத்திற் காட்டும் விழிப்பை வீட்டு வாயிலிலும் காட்டவேண்டும். மாலையில் வீடு திரும்பும் தாய், ஓடிவரும் குழந்தையை உடனே அள்ளி அணைக்க விரும்புவாள். ஆயினும் கைகால் கழுவி, உடை மாற்றிய பின்னரே ஆறாத காதைத் தொடுதல் வேண்டும். அன்பிற்கு அந்தச் சிறு தாமதம் குறையாகாது.

இனி அணியின் தன்மையை நோக்குவோம். புதுத்துளையில் இடும் முதல் அணி இலேசானதாகவும், வீங்குவதற்குச் சிறிது இடம் விடுவதாகவும் இருக்கவேண்டும். திருகாணியை இறுக முறுக்கினால், வீங்கிய மடல் அதனை விழுங்கிவிடும். பின்னர் மருத்துவர் கீறி எடுக்க நேரும். 22 காரட் பொன்னில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் உள்ளது. அது பெரும்பாலோர் தோலுக்குப் பகையாவதில்லை. மலிவான பூச்சு நகைகளிலோ மேற்பூச்சின் கீழ் நிக்கல் என்னும் உலோகம் இருப்பதுண்டு. அது சிலர் தோலில் அரிப்பையும் நீர்க்கசிவையும் உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை தோன்றினால் அது வாழ்நாள் முழுவதும் தொடரவும் கூடும். இதுபற்றியே ஐரோப்பிய நாடுகள் 1994-ஆம் ஆண்டு, குத்திய துளையில் இடும் அணிகளில் நிக்கலின் அளவைக் கட்டுப்படுத்தி விதி செய்தன.

முதல் அணியை மாற்றும் நாள் சிறுமியர்க்குத் திருநாள். ஆறு வாரம் கழியுமுன் அத்திருநாளைக் கொண்டாடலாகாது. வலியும் வீக்கமும் கசிவும் அறவே நின்றபின், கைகளையும் புது அணியையும் தூய்மைசெய்து, நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து மாற்றவேண்டும். கம்பி நேராகச் செல்லவில்லையெனில் வலிந்து செலுத்தாமல், சற்று இளைப்பாறி மீண்டும் முயலவேண்டும். புதுத்துளையை வெறுமையாக விட்டால் விரைவில் தூர்ந்துபோகும். ஆதலால் ஒன்றைக் கழற்றியவுடன் மற்றொன்றை இடுதல் வேண்டும். தொங்கட்டானும் சிமிக்கியும் பல திங்கள் காத்திருக்கட்டும். காது சிவந்து சூடேறி, மஞ்சள் நிறச் சீழ் வடிந்து, காய்ச்சலும் கண்டால் மருத்துவரை நாடுதலே கடன். அச்சத்தால் அணியைத் தாமே கழற்றிவிட்டால், துளையின் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடலாம்.

பாண்டி நாட்டுப் பாட்டிமார் காதில் பாம்படமும் தண்டட்டியும் தோளைத் தொட ஆடிய காலம் ஒன்று இருந்தது. காது குத்தியபின் ஓலைச் சுருளும், குணுக்கு என்னும் ஈயக் கனமும் இட்டுப் படிப்படியாகத் துளையைப் பெருக்கினர். அவ்வளர்ப்புக்கும் பல ஆண்டுப் பொறுமை வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வழக்கம் மெல்ல மறைந்தது. வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டோரும் பலர். ஆனால் கனத்தின் மேல் உள்ள மோகம் முற்றும் மறையவில்லை. மெல்லிய மடலிற் கனத்த தோட்டை இடைவிடாது மாட்டினால், துளை நீண்டு ஒருநாள் அறுந்துவிடும். அறுந்த மடலை ஒட்டுவதற்குப் பதினைந்து முறைகளைச் சுசுருதர் நூல் கூறுகிறது. இக்கால அறுவை மருத்துவரும் எளிதில் தைத்துத் தருவர். எனினும் தைத்துக்கொள்வதினும் அறாமற் காப்பதன்றோ அறிவுடைமை?

காதின் துளைக்கு இன்னொரு பொருளும் உண்டு. தீப்பெட்டி ஆலையிலும் வெடியாலையிலும் உழைக்கும் பெண்கள் பலர், கூலியிற் சிறுகச் சிறுகச் சேர்த்தே அரைப் பவுன் கம்மல் வாங்குகின்றனர். அது அணி மட்டும் அன்று; அக்குடும்பத்தின் சேமிப்பும் ஆகும். மழைக்காலத்தில் வெயில் இல்லாது வேலை குறையும். பள்ளிக்கட்டணமோ மருந்துச் செலவோ வந்து நிற்கும். அப்பொழுது அக்கம்மல் அடகுக்கடைக்குச் செல்லும். பொன் நீங்கிய காதில் சிலர் வேப்பங்குச்சியை இட்டுக்கொள்வர். துளை தூர்ந்துவிடலாகாது என்பதே அவர்கள் கருத்து. பொன் ஒருநாள் திரும்பிவரும் என்னும் நம்பிக்கையை அக்குச்சி தாங்கி நிற்கிறது. அத்தகைய தாய், தன் மகளின் காதில் தான் மீட்ட பொன்னை இடும்பொழுது, அக்காது சீழ்ப்பிடித்தோ அறுந்தோ போகுமாயின் அவள் உள்ளம் எவ்வளவு வருந்தும்!

எனவே, அணியைப் போற்றுவோர் முதலில் காதைப் போற்றுதல் வேண்டும். பொன் இழந்தால் உழைத்து ஈட்டலாம். உடலின் நலம் அங்ஙனம் ஈட்டத்தக்கது அன்று. கழுவிய கையும், காத்திருக்கும் மனமும் விலையின்றிக் கிடைப்பவை. அவை இரண்டும் உள்ள வீட்டில் சுடுமண் தோடும் பொன் தோட்டைப் போல ஒளிரும். அவை இல்லாத வீட்டில் வைரத்தோடும் காதுக்குச் சுமையே ஆகும்.