இணுக்கு, ஈர்க்கு, கீழாநெல்லி

இன்று ஓர் இலைப் பாடம்.

ரசத்துக்கு ஓர் இணுக்கு கறிவேப்பிலை கிள்ளி வரச் சொல்கிறோம் அல்லவா, அந்த இணுக்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. நாம் உருவிப் போடும் ஒவ்வொன்றும் சிற்றிலை. இப்படிச் சிற்றிலைகள் சேர்ந்தது கூட்டிலை. அவற்றைத் தாங்கும் நடுக்காம்புக்கு நம் சமையலறையிலேயே பெயர் உண்டு: ஈர்க்கு. முருங்கை ஈர்க்கு ரசம் வைப்பவர்களுக்கு இது புதிதல்ல.

கூட்டிலையின் வகைகளைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துப் புளியமரத்தில் ஓர் ஈர்க்கில் 10 முதல் 20 ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். நுனியில் ஒற்றையாக ஒன்று இருக்காது. பொழுது சாய்ந்தால் ஜோடிகள் மடங்கிக்கொள்ளும். கறிவேப்பிலையில் நுனியில் ஒன்று தனியாக நிற்கும். முருங்கையில் ஈர்க்கே கிளைவிட்டுப் பிரியும். வில்வத்தில் மூன்று. இலவ மரத்தில் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கைவிரல்கள் போல விரியும்.

எது இலை, எது சிற்றிலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. அடியைப் பார்க்க வேண்டும். இலை தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். பிறகு கிளையோ பூவோ அங்கிருந்துதான் வரும். சிற்றிலை ஈர்க்கோடு சேரும் இடத்தில் அந்த மொட்டு இருக்காது. அதனால்தான் புளியங்காய் ஒருநாளும் ஈர்க்கில் காய்ப்பதில்லை.

இப்போது வயல் வரப்பில் ஒரு கீழாநெல்லியைப் பிடுங்கிப் பாருங்கள். பார்வைக்கு அதுவும் புளிய இணுக்கு மாதிரியே இருக்கும். திருப்பினால் ஒவ்வொரு சிறு இலையின் கீழும் பூவோ, கடுகு போன்ற காயோ தொங்கும். பூ வருகிறது என்றால் அது சிற்றிலை அல்ல, முழு இலை. ஈர்க்கு போலத் தெரிவது ஒரு சின்னக் கிளை. பெரிய நெல்லி மரத்திலும் இதே கதைதான். இலைக்குக் கீழே நெல்லி என்று பெயர் வைத்தவர் எவரோ, தாவரவியல் படிக்காமலே சரியாகப் பார்த்திருக்கிறார்.

இதை எழுதக் காரணம் உண்டு. மஞ்சள் காமாலை என்றதும் நம் ஊர்களில் கீழாநெல்லியைத் தேடிப் போகிறார்கள். வரப்பில் அதே சாயலில் அவரைக் குடும்பத்துக் களைகள் பல முளைக்கின்றன. இலையை மேலாகப் பார்த்துப் பிடுங்கி அரைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? திருப்பிப் பார்த்தால் அந்தக் களைகள் விலகிவிடும். ஆனால் கீழாநெல்லிக்குச் சகோதரச் செடிகளும் உண்டு, அவையும் இப்படியே காய்க்கும். எனவே செடி தெரிந்தவரிடம் கேளுங்கள். காமாலை ஒரே காரணத்தால் வருவதல்ல. முதலில் மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை புளி, நெல்லி இரண்டிலும் ஓர் இணுக்கு ஒடித்து அவர்கள் கையில் கொடுங்கள். எது இலை, எது கிளை என்று அவர்களே சொல்லட்டும். சொன்ன பதிலைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.