குடமும் தொகுதியும்



நேற்று நம் வார்டு பகுதி சபைக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, தொகுதி மறுவரையறை வந்தா நமக்கு எம்.பி. குறையுமா?" நான் வாயெடுப்பதற்குள் ஒரு அக்கா காலிக்குடத்தை மேசைமேல் ணங்கென்று வைத்தார். "அது கெடக்கட்டும். குழாய்ல தண்ணி எப்ப வரும்?"

மாநிலங்களுக்கான மக்களவை இடங்கள் 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நிர்ணயமானவை. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அதில் கைவைக்கக் கூடாது என்றது 2002இல் நடைமுறைக்கு வந்த 84ஆவது அரசியலமைப்புத் திருத்தம். நமக்கு 39. இடங்களை மக்கள்தொகைப்படி மறுபடி பிரித்தால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்ததற்கு நம் பங்கு சுருங்குமோ என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு கவுன்சிலராக நான் இதில் கத்தலாம், அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. மூன்றாவது தெரு வால்வு தேய்ந்துவிட்டது, முழுசாக மூடுவதில்லை. அதனால் வருகிற தண்ணீரெல்லாம் பள்ளத்தெருவிலேயே இறங்கிவிடுகிறது, மேட்டுத்தெருவுக்கு ஏறுவதில்லை. மனு கொடுத்து 40 நாள் ஆச்சு. தாமதத்தில் என் பங்கும் உண்டு, விடாமல் துரத்தியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பொறியாளரைக் கையோடு கூட்டிவருகிறேன்.

அக்கா, கோபத்தில் குடத்தை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது.