சர்வரின் சம்மதம்

பக்கத்தை முழுவதும் மறுபடி வரவழைக்காமல், தொட்ட இடத்தை மட்டும் மாற்றிக் காட்டும் வலைச் செயலிகளைக் கட்டுவதே தில்லியில் என் ஜீவனோபாயம். இத்தொழிலில் மிகக் கடினமான பகுதி எது என்று கேட்பவர்களுக்கு, வர்ணங்களும் பொத்தான்களும் நிறைந்த திரையை அமைப்பதும் அன்று, விவரங்களை டேட்டாபேஸில் கிரமமாக அடுக்கி வைப்பதும் அன்று, இவ்விரண்டுக்கும் இடையே போகும் ஒரு சிறு செய்தி பதிலோடு திரும்பும் வரையில் திரை என்ன சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதே என்றுதான் சொல்லுவது வழக்கம்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோடை விடுமுறைக்கு ஊர் போக நினைக்கும் கரோல்பாக் தமிழர் குடும்பமொன்று, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் பிடிப்பதற்காக, ஏ.சி. வகுப்பென்றால் காலை பத்து மணிக்கும், ஸ்லீப்பர் என்றால் பதினொரு மணிக்கும் திறக்கிற தட்கல் என்னும் அவசர முன்பதிவுக்குக் காத்திருக்கும்போது, அவர்கள் கண்முன் இருப்பது கைப்பேசித் திரை. படுக்கையோ ரயில்வேயின் டேட்டாபேஸில் இருக்கிறது. திரையில் 'இடம் உண்டு' என்று தெரிவது சற்று முன்பு எடுத்த கணக்கின் பிரதியே அன்றி, இந்தக் கணத்தின் உண்மை அன்று.

ரயில்வேயின் கணினி முன்பதிவு 1985-ல் புது தில்லியில்தான் ஆரம்பமாயிற்று. இன்று அதைப் பராமரித்து வளர்க்கும், 1986-ல் அமைந்த கிரிஸ் என்னும் ஸ்தாபனமும் இந்நகரிலேயே இருக்கிறது. அந்நாளில் திரை என்பது கவுண்டர் குமாஸ்தாவின் முன் இருந்த டெர்மினல். அது தனக்கென்று எதையும் சேமித்து வைப்பதில்லை. குமாஸ்தாவும், பிரிண்டரிலிருந்து சீட்டு வெளியே வந்தாலொழிய, 'டிக்கெட் ஆயிற்று' என்று சொல்ல மாட்டார். மத்தியக் கணினி மௌனமாக இருக்கும் வரையில் தாமும் வாக்குக் கொடுக்கக்கூடாது என்னும் கட்டுப்பாடு அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து மையங்களும் 1999-ல் ஒரே வலையாக இணைந்த பிறகும் இந்த ஒழுங்கு மாறவில்லை. 2002 ஆகஸ்டில் இணையவழி முன்பதிவு வந்தபோதுகூட, காகித டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. 2005-ல் மின் டிக்கெட் வந்ததும்தான் நிலைமை அடியோடு மாறிற்று. அதே ஆண்டில், பக்கத்தைப் புதுப்பிக்காமலே சர்வருடன் பேசும் முறைக்கு ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் அஜாக்ஸ் என்று பெயர் சூட்டினார். குமாஸ்தாவின் பொறுப்பு, அவருடைய பிரிண்டரின் பொறுப்பு இரண்டும் அன்று முதல் நாங்கள் எழுதும் ஜாவாஸ்கிரிப்டின் தலையில் விழுந்தன.

அப்பொறுப்பை நிறைவேற்றுவது எப்படி? ஒரே படுக்கையை இருவர் ஒரே கணத்தில் காண்பதாக வைத்துக்கொள்வோம். நாங்கள் சாதாரணமாகக் கையாளும் முறைகளில் ஒன்று, டேட்டாபேஸின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பதிப்பெண்ணைக் கொடுத்து வைப்பது. இருவரும் படிக்கும்போது அந்த எண் 7 என்றால், 'இன்னும் 7 ஆகவே இருந்தால் மட்டும் இந்தப் பெயரை எழுதி, எண்ணை 8 ஆக்கு' என்ற கட்டளை இருவரிடமிருந்தும் போகும். முதலில் சென்றது எழுதப்படும், பின்னால் சென்றது எந்த வரிசையையும் மாற்ற இயலாமல் திரும்பும். இவ்வளவும் சர்வரின் காரியம். திரையின் காரியம், தோற்றவரிடம் அதை உடனே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது.

இதைவிடச் சங்கடமானது பதில் வராமற்போகும் தருணம். பிரயாணி பணம் செலுத்தினார், கோரிக்கை சர்வரை அடைந்தது, படுக்கை பதிவாயிற்று, ஆனால் பதில் திரும்பும் வழியில், மெட்ரோ சுரங்கத்துக்குள் நுழைந்தபோது, சிக்னல் அறுந்துபோயிற்று. திரைக்கு இது வெற்றியா தோல்வியா என்று அறிய மார்க்கமே இல்லை. 'தோல்வி' என்று அறிவித்தால் அவர் மறுபடி பணம் கட்டுவார். 'வெற்றி' என்றால் அது ஆதாரமற்ற வாக்கு. ஆகவே பொத்தானை அழுத்தும் முன்பே பிரவுசர் அக்கோரிக்கைக்கென்று வேறெதற்கும் வராத ஓர் எண்ணை உண்டாக்கி, எத்தனை முறை அனுப்ப நேர்ந்தாலும் அதே எண்ணுடன் அனுப்ப வேண்டும். சர்வர் அந்த எண்ணையும் பதிவையும் ஒரே பரிவர்த்தனையில் எழுதிக்கொண்டு, அதே எண் மறுபடி வந்தால் புதிதாகப் பதிவு செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். சில வரிகளில் அடங்கும் இந்த ஏற்பாடு இல்லாத செயலி, திரை எவ்வளவு லட்சணமாக இருந்தாலும், பண விஷயத்தில் நம்பத்தக்கது அன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

சர்வரின் சம்மதத்துக்குக் காத்திராமல், வெற்றி என்றே வைத்துக்கொண்டு திரையை உடனே மாற்றிவிடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. விருப்பக் குறி இடுவதற்கும் பட்டியலை வரிசை மாற்றுவதற்கும் அது மிகவும் சௌகரியம். தவறினால் பின்வாங்கிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. பிரயாணிகளின் பெயர், வயது முதலியவற்றைப் பிரவுசரிலேயே சேமித்து வைப்பதிலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் படுக்கை, பணம், மருத்துவரிடம் பெற்ற நேரம் ஆகியவை ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்கு இல்லாமற்போகும் பொருள்கள். அவற்றில் இந்த அவசரம் கூடவே கூடாது. பிரவுசர் கணக்கிட்டு அனுப்பும் கட்டணத்தையும் சர்வர் தானே மறுபடி கணக்கிட வேண்டும். பிரவுசரின் நினைவகம் பயனரின் கையில் இருப்பது, அதை எவரும் திருத்தலாம்.

புதிதாக இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. பொத்தானை வரைவதற்கு முன்பே, 'பதிவாயிற்று', 'பதிவாகவில்லை', 'இன்னும் தெரியவில்லை' என்ற மூன்று நிலைகளுக்கும் திரையில் இடம் ஒதுக்குங்கள். மூன்றாவதற்கு உரிய வாசகத்தைப் பிறரிடம் விடாமல் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்: பணம் என்ன ஆகும், மறுபடி அழுத்தலாமா, எப்போது பார்த்தால் விடை தெரியும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.