உதவிப் பக்கத்தைத் தமிழாக்கும் வேலை

லிப்ரெஓபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் உதவிப் பக்கம் ஒன்றைத் தமிழாக்க உட்காரும்போது அகராதிக்கு முன்னால் அதன் சொற்செயலியான ரைட்டரைத்தான் திறக்கிறேன். பக்கம் சொல்லும் படிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறேன். மெனு சொன்ன இடத்தில் இருக்கிறதா, அந்தப் பெயரில் பொத்தான் இருக்கிறதா, அழுத்தினால் சொன்னது நடக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் வரியை எழுதுவேன். ஒரே கடிதத்தைப் பலருக்குத் தயாரிக்கும் மெயில் மெர்ஜ் போன்ற பக்கமென்றால் இதற்கே ஒரு மாலை போய்விடும். விரிதாள் செயலியான கால்க்கில் ஒரு முகவரிப் பட்டியல் தயாரிக்க வேண்டும், அதைத் தரவுமூலமாகப் பதிய வேண்டும், கடிதத்தில் புலங்களை இட வேண்டும். அந்த மாலையை நான் வீண் என்று நினைப்பதில்லை. உதவி தேடி எஃப்1 விசையை அழுத்துகிறவர் வேலை நடுவில் நின்றுபோய்த் தவிப்பவர். அவருக்கு நாம் கொடுக்கும் படி தவறாக இருந்தால் அவர் மறுபடி உதவியைத் திறக்க மாட்டார்.

உதவியின் மூலப் பக்கங்கள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கின்றன. அவை பத்தி பத்தியாக உடைக்கப்பட்டு, பிஓ எனும் மொழிபெயர்ப்புக் கோப்புகளாகி, வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் தனித்தனிச் சரங்களாக (உரைத்துண்டுகளாக) நம் முன் வந்து நிற்கும். முழுப் பக்கமும் கண்ணில் படாது. எனவே ஆங்கிலப் பக்கத்தை இன்னொரு தாவலில் திறந்து வைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் ‘இது’, ‘அது’ எதைச் சுட்டுகின்றன என்பதே பிடிபடாது.

சரங்களுக்குள் டேக்குகள் (குறிச்சொற்கள்) இருக்கும். அவற்றில் மிகவும் கவனம் கேட்பது இயங்குதளத்தைப் பொறுத்து மாறும் பகுதி. விண்டோஸிலும் லினக்ஸிலும் கன்ட்ரோல், மேக்கில் கமாண்ட். இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும், பயனரின் கணினிக்கு ஏற்ப ஒன்றுதான் திரையில் தோன்றும். மெனுவும் அப்படியே: விண்டோஸிலும் லினக்ஸிலும் ‘கருவிகள்’ மெனுவுக்குள் இருப்பது மேக்கில் மென்பொருளின் பெயரிலேயே உள்ள மெனுவுக்குள் இருக்கும். ஆங்கிலத்தில் பெயரை மாற்றினாலும் வாக்கியம் கெடாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது, பெயரின் ஈற்றெழுத்துக்கு ஏற்பப் புணர்கிறது. டேக்குக்கு வெளியே ஓர் ‘ஐ’யைப் போட்டால் இரண்டில் ஒரு கணினியில் அது அசிங்கமாக ஒட்டி நிற்கும். ஆகவே பெயரை வெறும் பெயராக விட்டு, பின்னால் ‘என்பதை’ என்று வைத்து உருபை அதன்மேல் ஏற்றுகிறேன். இடைமுகச் சரங்களில் கோப்புப் பெயருக்காக %1 என்று இடம் விட்டிருக்கும் வாக்கியங்களிலும் இதே வழிதான். டேக் போட்ட வாக்கியத்தை இரண்டு முறை, இரண்டு கணினிக்காரராகவும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம்.

மெனுவுக்கு இடைமுகத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதுவே உதவியிலும் எழுத்து மாறாமல் வர வேண்டும். இன்னும் நல்ல பெயர் தோன்றினால் முதலில் இடைமுகத்தில் மாற்ற வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பு தரும் பரிந்துரைகள் இங்கேதான் சறுக்குகின்றன. வாக்கியம் சரளமாக இருக்கும், அது சொல்லும் பொத்தான் திரையில் இருக்காது.

இத்தனையும் தொடக்க வேலைதான். லிப்ரெஓபிஸ் ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகளைத் தருகிறது. ஒவ்வொன்றிலும் ஏதாவது மாறும். ஆங்கில வாக்கியம் மாறினால் பழைய தமிழ் வாக்கியம் ‘ஃபஸி’ (மறுபார்வை தேவை) என்று குறியிடப்பட்டு நம்மிடம் திரும்பி வரும். யாராவது பார்த்து ஒப்புதல் தரும்வரை பயனருக்கு ஆங்கிலமே தெரியும். மாறியது ஒரு காற்புள்ளியாக இருக்கலாம். ‘கூடாது’ என்ற பொருள் புதிதாகச் சேர்ந்துமிருக்கலாம். படிக்காமல் ஒப்புதல் கொடுத்து மொழிபெயர்ப்பு முடிந்த விழுக்காட்டை உயர்த்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பழையதாகிப்போன தமிழ்ப் பக்கத்தைவிட, இன்றைய நிலையைச் சொல்லும் ஆங்கிலப் பக்கமே பயனருக்கு நல்லது.

படிகளைச் செய்து பார்ப்பதால் மூலத்தின் பிழைகளும் கண்ணில் படும். விட்டுப்போன படி, எப்போதோ நீக்கப்பட்ட பொத்தான். இவற்றை, பிழைகளைப் பதியும் தளமான பக்‌ஸில்லாவில் பதிவதும், முடிந்தால் மாற்றங்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் கெரிட்டில் திருத்தத்தை அனுப்புவதும் நம் வேலையே என்று கருதுகிறேன். அந்தத் திருத்தம் எல்லா மொழிகளுக்கும் போய்ச் சேரும். ஆனால் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அந்தச் சரம் எல்லா மொழியிலும் மறுபார்வைக்குப் போய்விடக்கூடும். பொருள் கெடாத சின்னப் பிழைகளைத் தனித்தனியாக அனுப்பாமல் சேர்த்து வைத்து ஒரே தடவையில் அனுப்புவது மற்ற மொழிக்காரர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

தமிழில் இன்று மொழிபெயர்க்க முன்வருகிறவர்களைவிட, மொழிபெயர்த்ததைச் சரிபார்க்கிறவர்களே அதிகம் தேவை. அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தினமும் நீங்கள் பயன்படுத்தும் வசதி ஒன்றின் உதவிப் பக்கத்தைத் தமிழில் திறந்து, அது சொல்கிறபடியே செய்து பாருங்கள். எந்தப் படியில் தடுமாறுகிறீர்களோ அதை மட்டும் வெப்லேட்டில் ஒரு பரிந்துரையாக எழுதி வையுங்கள்.