பிசிறு

மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய கார்சிகாக்காரர் ஜியாகோமோ டாஞ்செலிஸ், 1910-ல் சிம்சன் கம்பெனியில் சொல்லி ஒரு விமானம் செய்து வாங்கி, பல்லாவரத்தில் பறந்தும் பார்த்தார். சிம்சன் அப்போது கோச்சு வண்டிகளுக்குப் பேர்போன கம்பெனி. நூறு வருஷம் கழித்து மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற விமானி, தான் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதை வைத்தார்கள். 2017-ல் அரசாங்கப் பதிவும் கிடைத்தது. நம் தி.நகர் ஃப்ளாட்களில் மாடியில் வடாம் காயப்போட்டாலே அசோசியேஷன் மீட்டிங் கூடுகிறது!

விமானம் கட்டுவது என்றதும் உங்களுக்கு இன்ஜினும் இறக்கையும்தான் ஞாபகம் வரும். அலுமினியத் தகட்டில் கட்டுகிறவர்களைக் கேட்டால், பிசிறு எடுத்தே கை ஓய்ந்த கதையைத்தான் சொல்வார்கள். தகட்டை வெட்டினாலும் துளைத்தாலும் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை அரத்தாலும் உப்புத்தாளாலும் வழித்தெடுக்க வேண்டும். சின்ன விமானத்துக்கே பத்தாயிரம் ரிவிட்டுக்கு மேல் ஆகும். ரிவிட்டுக்கு இரண்டு தகடு, தகட்டுக்கு இரண்டு பக்கம். ஆக 40,000 ஓரங்கள். ஓரத்துக்கு 10 விநாடி என்றாலும் 111 மணி நேரம்! (பி.காம். படித்தது இதற்காவது உதவுகிறது.) அவசரப்பட்டு ஆழமாகச் சுரண்டினால் துளையே கெட்டுவிடும்.

இவ்வளவு மெனக்கெடணுமா என்கிறீர்களா? ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன இழுத்தாலும் கிழியாது. ஓரத்தில் குட்டியாக ஒரு வெட்டு இருந்தால் சர்ரென்று வந்துவிடும். தகடும் அப்படித்தான். அதிர்வும் அழுத்தமும் மாறி மாறி வரும்போது சின்னக் கீறலிலிருந்து விரிசல் தொடங்கி, பறக்கப் பறக்க வளரும். 1954-ல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் மத்தியதரைக் கடல் மேல் நடுவானில் பிளந்து, 56 பேர் இறந்தார்கள். இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. உலோகம் களைத்துப்போய் விரிசல் விட்டிருந்தது.

மயிலாப்பூர் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டித் தருவார்களே, அந்த வேலைக்கு இங்கே இடமே இல்லை. அடையாளம் போட ஊசி கூடாது, பென்சிலும் கூடாது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனாதான்.

அரிப்பைப் பற்றி பெசன்ட் நகர்வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று தினம் பார்க்கிறார்கள். அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளையாகப் பூத்து உதிரும். விமானத் தகட்டில் வலுவுக்காகத் தாமிரம் கலப்பதால் அரிப்பு சுலபமாகப் பிடிக்கும். அதனால் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிசாகப் போர்த்தியிருப்பார்கள். ஆழமான கீறல் அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். ஆகவே பிசிறு எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, அப்புறம்தான் ரிவிட். உள்ளே ஏதோ விட்டுப்போச்சு என்று பிறகு சந்தேகம் வந்தால், அத்தனை ரிவிட்டையும் ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க வேண்டும்.