37 சந்தாதாரர்கள்

எனக்கும் ஓவியத்துக்கும் ரொம்ப தூரம். நான் பி.காம் படிக்கிற பையன். யாராவது ஒரு படத்தைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "ஃப்ரேமுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிற ஜாதி. இப்படிப்பட்டவன் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கலைப் பத்திரிகையைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பத்திரிகையின் பெயர் "கேமரா வொர்க்". நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக்காரர் 1903-ல் தொடங்கினார். அதற்கு முன்னால் ஒரு கேமரா கிளப்பின் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். கிளப் உறுப்பினர்களோடு ஒத்துப்போகவில்லை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பத்திரிகை வேண்டும் என்று வெளியே வந்து, தானே ஆசிரியர், தானே பதிப்பாளர் என்று ஆரம்பித்தார். அட்டை வடிவமைப்பு அவருடைய நண்பர் எட்வர்ட் ஸ்டைகன்.

படங்களை சாதாரணமாக அச்சடிக்கவில்லை. செப்புத் தகட்டில் படத்தை எடுத்து, நல்ல காகிதத்தில் அச்சிட்டு, கையால் பக்கத்தில் ஒட்டினார்கள். 1904-ல் பிரஸ்ஸல்ஸில் ஒரு கண்காட்சிக்குப் போக வேண்டிய படங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பத்திரிகையில் வந்த அச்சுப் படங்களையே எடுத்து மாட்டிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் அசல் என்றே நினைத்தார்களாம்!

1905 நவம்பரில், ஃபிஃப்த் அவென்யூ 291-ஆம் எண் கட்டிடத்தின் மேல்மாடியில் மூன்று குட்டி அறைகளில் ஒரு கேலரி திறந்தார். பெரிய அறையே நம்ம ஊர் ஹாஸ்டல் ரூமைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பிற்பாடு அதன் பெயரே "291" ஆகிவிட்டது. 1908-ல் வாடகையை ஏற்றியதும் காலி செய்ய வேண்டியதாயிற்று. பால் ஹேவிலண்ட் என்ற நண்பர் பணம் போட, எதிரில் இருந்த அறைக்கு மாறினார்கள். அது 293-ஆம் எண் கட்டிடம். ஆனாலும் பெயர் 291 தான் :-)

இந்தக் குட்டி அறைகளில் மாட்டப்பட்டவர்களின் லிஸ்டைப் பாருங்கள். 1908-ல் ரோதானின் கோட்டோவியங்கள், அதே வருஷம் மத்தீஸ். 1911-ல் செசான், அடுத்து பிக்காசோ. கேலரி சுவரில் மாட்டுவது, பத்திரிகையில் அதைப் பற்றி எழுதுவது, திட்டி வந்த விமர்சனங்களையும் எடுத்துப் போடுவது... இரண்டும் இரட்டை மாட்டு வண்டி மாதிரி ஓடின.

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். கணக்கு!

பிக்காசோ கண்காட்சியில் 83 படங்கள். ஒன்று 12 டாலருக்கு விற்றது. இன்னொன்றை ஸ்டீக்லிட்ஸே வாங்கிக்கொண்டார். மீதியை மொத்தமாக 2,000 டாலருக்கு மெட்ரோபாலிட்டன் மியூசியத்திடம் கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டார்கள். (ஸ்டீக்லிட்ஸ் வாங்கிய அந்த ஒரு படம், அவர் செத்த பிறகு 1949-ல் அதே மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.)

பத்திரிகை நிலவரம் இன்னும் மோசம். ஆரம்பத்தில் சுமார் 1,000 சந்தாதாரர்கள். புகைப்படத்துக்காக வாங்கியவர்கள், பிக்காசோவையும் மத்தீஸையும் பார்த்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 1917 ஜூனில், பால் ஸ்ட்ராண்டின் படங்களோடு கடைசி இதழ் (49-50) வந்தபோது மிச்சம் 37 பேர். கேலரியும் அதே வருஷம் மூடப்பட்டது. நடுவில் 1915-ல் "291" என்ற பெயரிலேயே நண்பர்களோடு சேர்ந்து இன்னொரு பத்திரிகையும் நடத்தினார்கள். பன்னிரண்டு இதழ்கள். விற்காத பிரதிகள் கடைசியில் பழைய பேப்பர்காரனுக்கு, 5 டாலர் 80 சென்ட்டுக்கு!

இதைப் படிக்கும் கலை ஆர்வலர்கள் "ஆஹா, என்ன ஒரு தியாகம்" என்பார்கள். நான் கேட்ட கேள்வி வேறு. பதினான்கு வருஷம் இந்த நஷ்டத்தை யார் தாங்கினது?

தேடிப் பார்த்தேன். பெரும் பங்கு அவருடைய மனைவி எம்மியின் வழியாக வந்திருக்கிறது. எம்மி ஒரு பீர் கம்பெனிக் குடும்பத்துப் பெண். போர் வந்து அந்த வருமானம் அடிபட்டபோதுதான் கேலரியும் பத்திரிகையும் நின்றன. கலை வரலாற்றில் மத்தீஸ் இருக்கிறார், பிக்காசோ இருக்கிறார். எம்மிக்கு அதில் ஒரு வரி கிடைத்தால் பெரிசு.

சரி, காரணத்துக்கு வருகிறேன். என் நண்பன் ஒருவன் ஓவியக் கல்லூரியில் படிக்கிறான். அவன் மாமாவின் தையல்கடைக்கு மேலே சும்மா கிடந்த அறைக்கு வெள்ளையடித்து நண்பர்களின் படங்களை மாட்டினான். கூடவே 24 பக்கத்தில் ஒரு பத்திரிகை. 200 பிரதி, விலை 30 ரூபாய். கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமே, என்னைப் பிடித்தான்.

அச்சுச் செலவு ஒரு இதழுக்கு 9,400. அதாவது ஒரு பிரதி 47 ரூபாய். 200-ம் விற்றாலும் நஷ்டம்! சொன்னேன். "மச்சி, கேமரா வொர்க்குக்குக் கடைசியில 37 பேர்தான்டா" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். முதல் இதழ் 140 போயிற்று. இரண்டாவது 95. மூன்றாவது 61. மொத்த நஷ்டம் 19,320.

வரவுப் பக்கத்தில் அவன் சொன்னபடி "நன்கொடை" என்று எழுதி வைத்திருந்தேன். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன மாதக் கண்காட்சிக்கு அவனுடைய அக்கா வந்திருந்தார். மருந்துக்கடையில் பில் போடுகிறவர். எல்லாப் படத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீதானே கணக்கு எழுதற? என் சீட்டுப் பணம் எப்ப திரும்ப வரும்?"

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எப்போது வரும் என்பது மாதிரிதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரிதான் "கேமரா வொர்க்" கதையை உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். அந்த 37-ஐ நண்பன் சரியாகத்தான் சொல்லியிருந்தான். எம்மியை மட்டும் விட்டுவிட்டான்.

மறுநாள் சண்டை. "உனக்குக் கலை புரியாதுடா" என்றான். உண்மைதான். "ஆனா கடன் புரியும்டா" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்தான். நோட்டில் "நன்கொடை" என்பதை அடித்துவிட்டு "கடன் - அக்கா - 19,320" என்று அவன் கையாலேயே எழுதினான்.

அடுத்த இதழ் 60 பிரதிதான். ஜெராக்ஸ் போட்டு நாங்களே தைக்கிறோம். அடக்கம் 28 ரூபாய், விலை 50. அத்தனையும் விற்றால் கையில் 1,320 நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு இதழ் என்று வைத்தால், அக்காவின் பணம் அடைய 15 இதழ், கிட்டத்தட்ட நாலு வருஷம். அக்காவிடம் போய்ச் சொன்னோம். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள நிறுத்திடாதீங்கடா" என்றார்.

டிஸ்கி: முதல் தவணை 1,320-ஐக் கொடுத்ததும் ரசீது வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன். கணக்கு கணக்குதானே!